தலையில் அடி... ரத்தத்தில் சர்க்கரை!

"அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது டாக்டர்! வேற யாரோட ரிப்போர்ட்டையோ மாத்திக் கொண்டு வந்துட்டாங்க!"

2022-ஆம் வருஷம், ஆடி மாதத்து ராத்திரி ஒன்றில், திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று நான் போட்ட சண்டை இது. கையில் இருந்த சீட்டில் என் கணவரின் ரத்தச் சர்க்கரை 286 என்று எழுதியிருந்தது. அன்று காலையில் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன மனிதர். மாத்திரை என்று ஒன்றைக் கையால் தொட்டதில்லை. அவருக்கு 286-ஆ?

அந்தச் சண்டையை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று தொடங்கி நான் கற்றுக்கொண்ட பாடம் வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான், கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் திருவெறும்பூர்க்காரர்கள். மலைக்கோவில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. என் கணவருக்கு அப்போது வயது 47. துவாக்குடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டிங் மேற்பார்வை. பெண் பிளஸ் டூ, பையன் எட்டாவது. கூடவே என் மாமியார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரைக்காரர்.

அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு, தஞ்சாவூர் ரோட்டில் வீடு திரும்பும்போது நாய் குறுக்கே வந்தது. ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டார். ஹெல்மெட் இருந்தது, வண்டியின் கண்ணாடியில் மாட்டியபடி! ஒரு கீறல்கூட இல்லாமல் அதை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது முதல் ஆளாகப் போய் வாங்கியவர் அவர். "பக்கத்துலதானே" என்ற ஒரு சொல் எங்கள் குடும்பத்தையே புரட்டிப் போட்டுவிட்டது.

டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து வாயில் சோடா ஊற்றப் போயிருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான், "மயக்கத்துல இருக்காரு, வாய்ல ஒண்ணும் ஊத்தாதீங்க, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க" என்று தடுத்திருக்கிறார். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியிருந்ததால், அந்த நேரத்தில் பணத்துக்கு ஓடவேண்டிய அவஸ்தையும் இல்லாமல் போயிற்று.

ரிப்போர்ட் மாறவில்லை!

என் கத்தலைப் பொறுமையாகக் கேட்ட டாக்டருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

"அம்மா, ரிப்போர்ட் மாறலை. தலையில பலமா அடிபட்டா, சர்க்கரை வியாதி இல்லாதவங்களுக்கும் சர்க்கரை ஏறும். உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே இருந்துச்சா, இப்பத்தான் ஏறியிருக்கான்னு வேற ஒரு டெஸ்ட் பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றார்.

அன்று எனக்கு அது ஏறவில்லை. பின்னால் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

நம் உடம்பு எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. அதற்கு முக்கிய ஆகாரம் ரத்தத்தில் வரும் சர்க்கரை. தனக்கென்று சேமித்து வைத்துக்கொள்ள அதனிடம் பெரிய பானை எதுவும் கிடையாது. அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைக்கிற வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலையில் பலமாக அடிபட்டதும் உடம்பு, "ஆபத்து!" என்று அலறுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவை கல்லீரலைத் தட்டி, அங்கே சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டச் செய்கின்றன. அதே சமயம் இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1849-லேயே பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி க்ளோட் பெர்னார் ஒரு முயலின் மூளையில், அடிப்பாகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை வந்துவிட்டது. மூளைக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு அப்போதே தெரிந்துவிட்டது.

ஏறினால் என்ன கெடுதல்? அடிபட்ட மூளை ஏற்கெனவே வீங்கிப்போய் மூச்சுத் திணறிக் கொண்டிருக்கிறது. அளவுக்கு மீறிய சர்க்கரை அந்தக் காயத்தை இன்னும் மோசமாக்கலாம். கிருமிகள் தொற்றவும் வழி செய்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதே சர்க்கரை மிக அதிகமாக இருப்பவர்கள் தேறுவது சிரமமாக இருப்பதை டாக்டர்கள் உலகம் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அடி பலமாக இருந்தால் சர்க்கரையும் அதிகமாக ஏறும் என்பதால், எல்லாப் பழியையும் சர்க்கரையின் மேலேயே போட்டுவிட முடியாது என்றும் அந்த டாக்டர் சொன்னார்.

அத்தை சொன்ன எறும்பு

டாக்டர் சொன்ன அந்த 'வேற டெஸ்ட்' பெயர் எச்.பி.ஏ.1.சி. கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியை அது காட்டிக் கொடுத்துவிடும். விபத்தினால் ஒரே ராத்திரியில் ஏறிய சர்க்கரையாக இருந்தால் இதில் அளவு அதிகமாக வராது. 6.5-ஐத் தொட்டுவிட்டாலே நீரிழிவு என்று அர்த்தம். என் கணவருக்கு வந்தது 7.8!

ஆக, விபத்துக்கு முன்பே அவருக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, சித்திரையிலயே பாத்ரூம்ல எறும்பா மொய்க்குதுன்னு நான் சொன்னேனே, நீங்கதானே சிரிச்சீங்க" என்றார். உண்மைதான். "நம்ம ஊரே எறும்பூர்தானே அத்தை, மலைமேல தேவருங்களே எறும்பா வந்து கும்பிட்ட ஊரு, பாத்ரூமுக்கு வராதா?" என்று நானும் பெண்ணும் கேலி பேசினோம். அந்தக் காலத்து வைத்தியர்கள் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் இதற்கு மதுமேகம் என்றே பேர் வைத்தார்கள். படித்த நாங்கள் சிரித்தோம். படிக்காத அத்தை சரியாகச் சொல்லியிருக்கிறார்.

எறும்பு வந்தால்தான் சர்க்கரை என்று இல்லை. எறும்பே வராமலும் சர்க்கரை இருக்கும். முப்பது வயதைத் தாண்டினால், அதுவும் பெற்றவர்களுக்குச் சர்க்கரை இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

இறக்கு, ஆனால் ரொம்ப இறக்காதே!

என் கணவருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. மூளையில் கன்றலும் சிறிய ரத்தக் கசிவும் இருந்தன. இரண்டாவது ஸ்கேனில் கசிவு பெருகவில்லை என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது. எங்கள் அப்பா காலத்தில் தலையில் அடி என்றாலே கையைப் பிசைவார்களாம். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழி பிறந்தது. அவர்கள் போட்ட பாதையில்தான் திருச்சியிலேயே இன்று இந்த வைத்தியம் கிடைக்கிறது.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரண்டு மணிக்கு ஒரு தடவை கஞ்சி. அடிக்கடி விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். அதற்குத் தகுந்தபடி இன்சுலின். 180-க்குள் இருக்கப் பார்த்தார்கள், ஆனால் 140-க்குக் கீழே கொண்டுபோக அவர்கள் முயற்சி செய்யவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"சர்க்கரை கெடுதல்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்? இன்னும் கொஞ்சம் இன்சுலின் போட்டு நூறுக்கு இறக்கிட்டா என்ன?"

அவர் சிரித்தார். "உங்களை மாதிரிதான் டாக்டர்களும் ஒரு காலத்துல நினைச்சாங்கம்மா" என்று ஒரு கதை சொன்னார்.

2001-ல் பெல்ஜியம் நாட்டு டாக்டர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் சர்க்கரையை 80-லிருந்து 110-க்குள் இறுக்கிப் பிடித்தால் உயிரிழப்பு குறைகிறது என்று எழுதினார்கள். உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளைச் சேர்ந்தவர்கள் முன்னின்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவிகிதம் பேர் 90 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்களில் இறந்தவர்கள் 24.9 சதவிகிதம். இறுக்கிப் பிடித்ததில் பலருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தும் போயிருந்தது.

"அதுலயும் அடிபட்ட மூளைக்குப் பசி அதிகம். ரத்தத்துல அளவு சரியா இருக்கும்போதே உள்ளே மூளைக்குச் சர்க்கரை போதாம இருக்கிறதுண்டு. அதனால ஏறவும் விடமாட்டோம், தாழவும் விடமாட்டோம்" என்றார் டாக்டர்.

நான் தலையை ஆட்டினேன். ஆனால் அந்த வார்த்தையை மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கான தண்டனை வீட்டுக்கு வந்தபிறகு கிடைத்தது.

அந்த ராத்திரி

ஆறாம் நாள் கண் திறந்தார். பத்தாம் நாள் என் பெயரைச் சொன்னார். பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும்போது கொடுத்த சீட்டில் காலையும் மாலையும் சர்க்கரை மாத்திரை எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "சோத்தை நிறுத்து", "ராத்திரிக்கு ஒரு சப்பாத்தி போதும்", "வெந்தயத் தண்ணி, பாவக்கா ஜூஸ் குடு, சுகர் ஓடியே போயிடும்". சர்க்கரை இறங்க இறங்க அவர் தேறிவிடுவார் என்று நான் நம்பினேன். மணச்சநல்லூர் பொன்னி அரிசிச் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்ட மனிதருக்கு ஒரு கரண்டிச் சோறு போட்டேன்.

இன்னொன்றும் நடந்திருந்தது. தலையில் அடிபட்டதில் அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. தலைக்காயத்தில் இது அடிக்கடி நடப்பதுதானாம். வாசனை போனால் ருசியும் போய்விடுகிறது. "எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளுவார். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் ராத்திரி சப்பாத்தியில் இரண்டு வாய் எடுத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் மாத்திரையை மட்டும் மறக்காமல் கொடுத்தேன்.

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். பக்கத்தில் முனகல் கேட்டு விழித்தேன். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்துத் தன் தங்கை பெயரைச் சொன்னார். தொட்டால் தள்ளிவிட்டார். "ஐயோ, மறுபடியும் மூளையில ரத்தம் கசிஞ்சிடுச்சே" என்று அலறினேன். பிள்ளைகள் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தை வந்தார். ஒரு நிமிஷம் மகனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "இது எனக்கு வர்ற மாதிரியில்ல இருக்கு? ஏம்மா, என் மிஷினை எடு!" என்றார். தினமும் விரலைக் குத்திக்கொள்கிறாரே என்று நாங்கள் கேலி செய்த அதே மிஷின்.

41!

70-க்குக் கீழே போனாலே தாழ்வு. 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. 41 என்றால் மூளை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். ஏற்கெனவே அடிபட்ட மூளை!

நல்லவேளை, அவருக்கு விழுங்க முடிந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, மடக்கு மடக்காக அத்தைதான் புகட்டினார். "குடி ராசா, குடி." பையன் 108-க்குப் போன் செய்தான். கால் மணி கழித்து 66. இன்னொரு டம்ளர். ஆம்புலன்ஸ் வந்தபோது, "எதுக்கு எல்லாரும் முழிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாகக் கசிவு இல்லை. ஆனாலும் ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டார்கள். அந்த வகை மாத்திரை உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி தாழலாமாம். மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

"சர்க்கரை தாழ்ந்தாலும் குழப்பம், கோபம், மயக்கம் வரும். மூளையில கசிவு வந்தாலும் அதேதான் வரும். வீட்டுல இருக்கிறவங்களால பிரிச்சுச் சொல்ல முடியாது. முதல்ல மிஷின்ல பாருங்க, எப்படி இருந்தாலும் உடனே கிளம்பி வந்துடுங்க" என்றார் டாக்டர்.

அதன் பிறகு

தலைக்காயம் ஆறுவது வாரக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. பெயர்கள் மறந்தன. சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல். முன்பு கைநீட்டி அறியாதவர், ஒருநாள் பையனை அடிக்கக் கை ஓங்கினார். பசி நேரம் தவறினால் இந்தக் கோபம் அதிகமாக வருவதைக் கவனித்தேன். அதனால் கடிகாரத்தைப் பார்த்தே சமைத்தேன்.

காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை. பதினோரு மணிக்கு மோரும் ஒரு கை சுண்டலும். ஒரு மணிக்கு அளந்த சோறு, அதைவிட அதிகமாகக் காய், கீரை, பருப்பு அல்லது மீன். நாலரைக்கு ஒரு கொய்யாப்பழம். எட்டு மணிக்குக் கோதுமை உப்புமாவோ தோசையோ. ஆறுகிற உடம்புக்கு முட்டையும் பருப்பும் மீனும் வேண்டும், பட்டினி கூடாது. வாசனை தெரியாதவருக்கு எலுமிச்சம்பழமும் மிளகும் கொஞ்சம் கைகொடுத்தன. இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் நேரம், சாப்பிட்டது, சர்க்கரை அளவு, மனநிலை என்று நாலு பத்தி போட்டு எழுதி வந்தேன். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றுவார்.

ஏழு மாதம் கழித்து, 2023 மாசியில் வேலைக்குப் போனார். உயரத்தில் ஏறும் வேலை கிடையாது. இன்றும் சில பெயர்கள் சட்டென்று வருவதில்லை. வாசனை பாதிதான் திரும்பியிருக்கிறது. ரசம் தாளிக்கும்போது, "பெருங்காயமா?" என்று கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார். எனக்கு அது போதும்.

சகோதரிகள் கவனத்துக்கு:

1. தலையில் அடிபட்டு மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர், சோடா, குளுகோஸ் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. குழந்தை கட்டிலிலிருந்து விழுந்ததும் வாயில் சர்க்கரையைப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தூங்கி வழியும் குழந்தைக்கு அதைச் செய்யாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, அதிகமாகும் தலைவலி, கை கால் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர் - இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கும் இதே விதிதான்.

3. அடிபட்டவருக்குச் சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. குழாய் வழி ஆகாரத்தில் நீங்களாகக் குளுகோஸ் பவுடரோ பழரசமோ சேர்க்காதீர்கள். இன்சுலின் அந்த ஆகாரத்துக்கு அளந்து போடப்படுகிறது. ஆகாரம் நின்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

5. வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்கவேண்டிய கேள்வி: "சாப்பிடலைன்னா இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?" பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், திடீர்க் கோபம் வந்தால் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108.

7. ஆஸ்பத்திரியில் ஏறிய சர்க்கரை தானாக இறங்கிவிட்டாலும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் இப்போது ஒரு ஆணி அடித்திருக்கிறது. அதில் ஹெல்மெட் தொங்கினால் வண்டிச் சாவி கிடைக்காது. அத்தையின் சட்டம் அது. அந்தச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது.